கணக்கை அழிக்காத ஜிம் கிரே
(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)

ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரலாம் என்று யூனியன் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றைக்கே, எங்கள் வகுப்பில் ஏழு பேர் அப்துல் கலாமுக்கும் நான்கு பேர் ராமானுஜனுக்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் ஜிம் கிரே என்று எழுதிக் கொடுத்தேன். பட்டியலை வாங்கிய சீனியர் அண்ணன், அது யாரு, கிரிக்கெட் பிளேயரா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே கடலில் மறைந்துபோன மனிதர் அவர். ஆனால் நண்பர்களே, ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கிற ஒவ்வொரு முறையும், செல்போனில் பணம் அனுப்பிவிட்டு அந்த டிக் அடையாளம் வருவதற்காகக் காத்திருக்கிற ஒவ்வொரு நொடியும், நாம் அவர் போட்டுக் கொடுத்த பாதையில்தான் நடக்கிறோம்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிருந்தேன். மொத்த ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற இடம். கடைகளின் கணக்கெல்லாம் கிளவுடில் இருக்கும். கிளவுட் என்றால் மேகம் இல்லை, வேறு ஏதோ ஊரில் இருக்கும் வாடகைக் கணிப்பொறி, அவ்வளவுதான். சோதனைக்கு ஒரு டேட்டாபேஸ், நிஜத்துக்கு ஒன்று. சோதனை டேட்டாபேஸில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பூஜ்யமாக்கிப் பார் என்றார் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அக்கா. 'அப்டேட்' கட்டளையை எழுதினேன். எந்த வாடிக்கையாளருக்கு என்று சொல்லும் 'வேர்' பகுதியை எழுத மறந்துவிட்டேன். (இது மண்ணுக்குள் இருக்கிற வேர் இல்லை. ஆனால் இது இல்லாவிட்டாலும் மரம் சாயும்.) ஒரு வரிசை மாறியது என்று திரையில் வர வேண்டிய இடத்தில், இரண்டாயிரத்துச் சொச்சம் வரிசைகள் மாறின என்று வந்தது. சோதனை டேட்டாபேஸில் அத்தனை பேர் கிடையாதே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நான் திறந்து வைத்திருந்தது நிஜத்தை.

மணி 11:42. ஒரு கடைக்காரருக்கு ஊர் ஊராக வர வேண்டிய பாக்கி முழுவதும் பூஜ்யம்! கை கால் சில்லிட்டுப் போச்சு. அப்பா மண்டியில் மூட்டை தூக்கிக் கட்டிய ஃபீஸ், எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான் என்று தெருவில் அம்மா சொல்லிக்கொண்டு திரிவது, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மறைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? தோன்றியது. அப்புறம் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஒரு துண்டுத் தாளில் 11:42 என்று எழுதி, அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தார். அவர் பயன்படுத்திய திரை நம் ஊர் நேரத்தைக் கேட்கவில்லை, உலகப் பொது நேரத்தைக் கேட்டது. 6:12 வந்தது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால், 6:11 என்று கொடுத்து, அந்த நேரத்துக்கு மீட்டுக் கொடு என்று உத்தரவு போட்டார். பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. திறந்து பார்த்தால், காலை 11:41-க்கு எப்படி இருந்ததோ அப்படியே எல்லாப் பாக்கியும் இருக்கிறது!

அதற்குள் கடையில் சும்மா இருக்கவில்லை, பில் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அதனால் புதியதை அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது, வைத்தால் அந்த பில்கள் காணாமல் போகும். மீட்ட டேட்டாபேஸிலிருந்து பழைய பாக்கியை எடுத்து, 11:42-க்குப் பிறகு ஏறியிருந்த தொகையோடு கூட்டி ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்றினார் அக்கா. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடிந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளையிடம் நிஜ டேட்டாபேஸின் பாஸ்வேர்டைக் கொடுத்தது தன் தப்பு என்று முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார்.

பேக்கப் என்றால் ராத்திரி ஒரு தடவை எடுத்து வைக்கும் நகல் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ராத்திரி எடுத்த நகலில் காலை 11:41 எப்படி வரும்? இதை அக்காவிடம் கேட்டேன். ஜிம் கிரேயைப் படி என்றார்.

ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே 1944 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். ஜிம் என்பது கூப்பிடும் பெயர். அம்மா ஆசிரியை, அப்பா ராணுவத்தில் இருந்தவர். கைக்குழந்தைப் பருவம் இத்தாலியின் ரோம் நகரில் கழிந்ததால், ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலி மொழி பேசியிருக்கிறார். பிறகு வர்ஜீனியாவில் சில வருஷம். அங்கே பெற்றோர் பிரிந்துவிட, அம்மாவோடு சான்பிரான்சிஸ்கோவுக்கே திரும்பினார். அப்பாவுக்குக் கண்டுபிடிப்பில் ஆசை உண்டு. டைப்ரைட்டர் ரிப்பனுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் வடிவமைத்துக் காப்புரிமை வாங்கி, அதில் நல்ல வருமானமும் பார்த்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ரிப்பன் மாற்றிக் கை கறுத்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

பிறவி மேதை, நூற்றுக்கு நூறு என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் விஷயம் அப்படி இல்லை. விமானப்படை அகாடமிக்குப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1961-ல் பெர்க்கிலியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியலில் மார்க் குறைந்து மனம் வெறுத்து, ஆறு மாதம் படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். வேலை அதைவிட மோசமாக இருந்ததால் திரும்பி வந்து உட்கார்ந்தார்! படிப்புச் செலவுக்காக ஜெனரல் டைனமிக்ஸ் என்ற நிறுவனத்தில், நம்ம சாண்ட்விச் டிப்ளமோ மாதிரி, படிப்பும் வேலையுமாக மாற்றி மாற்றி இருந்திருக்கிறார். அங்கே பழகியது கணிப்பொறி கூட இல்லை, மன்றோ என்ற கணக்குப் போடும் இயந்திரம். 1966-ல் பட்டம் வாங்கினார். கல்யாணம் ஆகி, நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் வேலை, இரண்டு நாள் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு என்று ஒரு வருஷம் ஓட்டினார். பிறகு மறுபடி பெர்க்கிலி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி அறிவியல் துறை கொடுத்த முதல் டாக்டர் பட்டம் 1969-ல் இவருக்குத்தான் கிடைத்தது.

அடுத்து ஐ.பி.எம். கலிபோர்னியாவின் சான்ஹோசே நகரில் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. நாம் இரண்டாம் ஆண்டில் படித்த எட்கர் காட் 1970-ல் அட்டவணைகளாகத் தகவலை வைக்கும் முறையைச் சொன்னது அங்கே இருந்துதான். காட் சொன்னது கணிதம். அதை நிஜமாக ஓட வைக்க முடியுமா என்று பார்க்க 1970-களின் நடுவில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டம் தொடங்கியது. இன்றைக்கு நாம் லேபில் அடிக்கிற எஸ்.க்யூ.எல். மொழி பிறந்தது அந்தத் திட்டத்தில்தான். கிரே அதில் எடுத்துக்கொண்ட பங்கு, யாரும் கைதட்டாத பங்கு. இரண்டு பேர் ஒரே வரிசையை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும்? பாதி வேலையில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

என் கணக்கிலிருந்து 500 ரூபாய் கழித்தாகிவிட்டது. உங்கள் கணக்கில் ஏற்றுவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது. அந்த 500 எங்கே? இந்தக் கேள்விக்கு கிரேயும் கூட வேலை செய்தவர்களும் உருவாக்கிய பதில்தான் டிரான்சாக்ஷன். கழிப்பதும் ஏற்றுவதும் சேர்ந்து ஒரே வேலை. நடந்தால் முழுசாக நடக்கணும், இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று ஆகணும். முடிந்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் இடி விழுந்தாலும் அது இருக்கணும். 1981-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் கிரே கிறிஸ்தவத் திருமணத்தை உதாரணமாகக் காட்டுகிறார். பாதிரியார் மாப்பிள்ளையைக் கேட்பார், பெண்ணைக் கேட்பார், இருவரும் சம்மதம் சொன்ன பிறகுதான் கல்யாணம் ஆனதாக அறிவிப்பார். ஒருவர் மறுத்தால் கல்யாணமே இல்லை. பாதிக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது.

அதே கட்டுரையில் அவர் பழைய காலத்துக் கணக்கர்களைப் பற்றிப் பேசும் ஒரு இடம் இருக்கிறது. அங்கே வந்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம்.

அப்பா மூட்டை தூக்கும் மண்டியில் கணக்குப்பிள்ளை தாத்தா ஒருவர் உண்டு. அவரிடம் இரண்டு நோட்டு இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. ஆள் வாரியாக, யார் எவ்வளவு தரணும் என்று வைத்திருப்பது பேரேடு. எது நடந்தாலும் முதலில் நாள்வழியில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டைத் தொடுவார். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர், வெள்ளை மை எதுவும் கிடையாது. தப்பு தப்பாகவே இருக்கும். கீழே அதற்கு ஒரு எதிர்ப்பதிவு போடுவார். ஒரு தடவை கூரை ஒழுகிப் பேரேட்டில் பல பக்கம் ஊறிப் போய்விட்டது. சின்னப் பிள்ளையாக நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்கள் அவை. தாத்தா பதறவே இல்லை. சித்திரை முதல் தேதி இருப்பு என்னவென்று எடுத்துக்கொண்டார். நாள்வழியை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டே, பேரேட்டைப் புதிதாக எழுதினார். மூன்று நாள் ஆனது. ஒரு ரூபாய் பிசகவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாசித்துக்கொண்டே வந்தவர் ஆடி 18 அன்று சாயங்காலம் பேனாவை வைத்திருந்தால், பேரேட்டில் இருப்பது ஆடி 18 சாயங்காலக் கணக்கு. கிளவுடில் அக்கா செய்ததும் இதே வேலைதான்! முந்தின நகலை எடு, நாள்வழியை வரி வரியாக மறுபடி நடத்து, நான் கை வைத்த வரிக்கு முந்தின வரியில் நில்.

கணிப்பொறிகளும் ஆரம்பத்தில் தாத்தா மாதிரிதான் இருந்தன என்று கிரே காட்டுகிறார். காந்த நாடாக் காலத்தில் பழைய கணக்கு ஒரு நாடாவில் இருக்கும். அன்றைய வரவு செலவைச் சேர்த்துப் புதிய கணக்கை வேறொரு நாடாவில் எழுதுவார்கள். பழையது அழியாமல் இருக்கும். டிஸ்க் வந்தது, எந்த இடத்தையும் நேராகப் போய் மாற்றலாம் என்ற வசதி வந்தது. பழைய எண் இருந்த இடத்திலேயே புதிய எண்ணை எழுதினார்கள். வேகம் கிடைத்தது, வரலாறு போய்விட்டது. கணக்கர்கள் காலங்காலமாகச் செய்யக் கூடாது என்று வைத்திருந்ததை இயந்திரம் நொடிக்கு ஆயிரம் தடவை செய்ய ஆரம்பித்தது. போன அந்த நாள்வழியைத் திரும்பக் கொண்டுவந்து இயந்திரத்துக்குள் உட்கார வைத்ததுதான் கிரே தலைமுறையின் பெரிய வேலை. இதை லாக் என்பார்கள். முதலில் லாகில் எழுது, அது பத்திரமாக டிஸ்கில் இறங்கிய பிறகுதான் அட்டவணையை மாற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும், திரும்பச் செய்வது எப்படி, செய்ததை அவிழ்ப்பது எப்படி என்ற இரண்டுமே லாகில் இருக்கணும். 1978-ல் அவர் எழுதிய குறிப்புகள் இதைப் பாடம் நடத்துகிற மாதிரி விளக்குகின்றன. சிஸ்டம் ஆர் குழு இந்த மீட்பு வேலையை எப்படிச் செய்தது என்று, என்னென்ன சரியாக வரவில்லை என்பதையும் சேர்த்து, 1981-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் கிரேயின் பெயரோடு இன்னும் ஏழு பேர் பெயர் இருக்கிறது. எல்லாம் அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று நான் எழுதினால் அது அவருக்கே பிடிக்காது.

நம்ம ஊர் சம்பந்தமும் இதில் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கணிப்பொறிப் பக்கம் போன சி. மோகன், 1981-ல் அதே சான்ஹோசே ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். அவரும் சகாக்களும் 1992-ல் வெளியிட்ட 'ஏரிஸ்' என்ற முறை, லாகை வைத்து மீட்பது எப்படி என்பதை ஒழுங்குபடுத்தியது. கிளவுட் டேட்டாபேஸ் பலவற்றின் அடியில் இன்றைக்கும் அந்த வழிதான் ஓடுகிறது. கெமிக்கல் படித்துவிட்டு இதைச் செய்திருக்கிறார் என்பதை நம் கெமிக்கல் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்.

1980-ல் கிரே ஐ.பி.எம்.மை விட்டு டேன்டம் என்ற நிறுவனத்துக்குப் போனார். நிற்கவே கூடாத கணிப்பொறிகளை வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் செய்து கொடுத்த நிறுவனம் அது. ஒரு பாகம் செத்தால் ஜோடிப் பாகம் வேலையை எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தும் சில சமயம் நின்றுபோனது. எதனால் என்று கிரே கணக்கெடுத்தார். 1985-ல் வந்தது அந்த அறிக்கை. நான் இயந்திரக் கோளாறுதான் முதலில் வரும் என்று நினைத்துப் படித்தேன். இல்லை. நின்றுபோனதில் 42 சதவீதம், மெயின்டனன்ஸ் செய்தவர்கள், ஆபரேட்டர்கள், அமைப்பை மாற்றியவர்கள் என்று மனிதர்கள் கை வைத்ததால். மென்பொருள் 25 சதவீதம். ஹார்டுவேர் 18 சதவீதம்தான்.

இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கிரே இதை வைத்து ஆட்களைக் குறை சொல்லவில்லை. மனிதர்கள் செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கணும், செய்தே ஆக வேண்டியதை எளிமையாக்கணும், தப்பு நடக்கும் என்று எதிர்பார்த்தே இயந்திரத்தைக் கட்டணும் என்ற பக்கம்தான் போனார். அன்றைக்கு அக்கா திட்டாமல் மணி கேட்டாரே, அந்தக் குணத்தை இயந்திரத்துக்குள் வைத்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது பழைய காலத்துக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை இன்னொரு சர்வரில் அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 மிச்சம். தினசரி நகல் ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எடுக்கவில்லை என்று எச்சரித்த ஈமெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் கிடைத்தது. அதிலிருந்து மீட்டார்கள். இடையில் இருந்த ஆறு மணி நேரம் போனது போனதுதான். நகல் இருந்தது, அதற்குப் பிறகான நாள்வழியைத் தனியே சேர்த்து வைக்கவில்லை. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியே எழுதியது. அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

அவர்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் கிரே படித்த அதே பெர்க்கிலியில் பிறந்ததுதான். வேண்டிய நேரத்துக்குத் திரும்பும் வசதி அதில் 2005-ல் வெளியான 8.0 பதிப்பில் வந்தது. அமேசானின் வாடகை டேட்டாபேஸ் சேவை 2009-ல் தொடங்கியது. அதில் தினம் ஒரு நகலும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லாகும் தனி இடத்துக்குப் போய்ச் சேரும். அதிகபட்சம் 35 நாள் வரை பின்னால் போகலாம், எத்தனை நாள் என்று நாம்தான் வைக்கணும். 36-ஆம் நாள் கண்டுபிடித்த தப்புக்கு இதில் வழியில்லை. மீட்டது எப்போதும் புதிய டேட்டாபேஸாகத்தான் வரும், பழையதன் மேல் எழுதாது. இதில் எனக்குத் தாத்தாவின் குணம் தெரிகிறது. டிரெயினிங் முடிகிற வாரம் அக்கா என்னையே ஒரு ஒத்திகை செய்ய வைத்தார். நேரம் குறித்து, ஐந்தரையைக் கழித்து, மீட்டு, எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதி, மீட்டதை அழித்துவிட்டு வரணும். அழிப்பதற்கு முன்னால் எது நிஜம் எது நகல் என்று மூன்று தடவை பார்த்தேன்.

கிரேயின் கதைக்கு வருகிறேன். ஜெர்மானியப் பேராசிரியர் ஆன்ட்ரியாஸ் ராய்ட்டரோடு சேர்ந்து டிரான்சாக்ஷன் பற்றி அவர் எழுதிய ஆயிரம் பக்கப் புத்தகம் 1992-ல் வந்தது. டேன்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் நிறுவனம், 1995-லிருந்து மைக்ரோசாஃப்ட். பிறந்த ஊரான சான்பிரான்சிஸ்கோவிலேயே ஆய்வுக்கூடம். 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. கணிப்பொறித் துறையின் நோபல் என்பார்களே, அது. அதே வருஷம் அவர் குழு 'டெர்ராசர்வர்' என்று ஒன்றைத் திறந்தது. விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த பூமியின் படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒரே டேட்டாபேஸில் போட்டு, யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரைப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். அப்புறம் வானத்தின் பக்கம் திரும்பினார். வானியலாளர் அலெக்ஸ் சாலேயிடம், நட்சத்திரத் தகவலில் உங்களுக்குப் பதில் வேண்டிய இருபது கேள்வி என்னென்ன என்று முதலில் கேட்டுவிட்டு, அந்த இருபதுக்கும் பதில் சொல்கிற மாதிரி டேட்டாபேஸைக் கட்டினார்கள். 2001-ல் ஸ்கைசர்வர் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட அதில் தேடலாம். ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்கள் இந்த இருபது கேள்வி முறையைப் பின்பற்றிப் பார்க்கலாம். நாங்கள் எங்கள் ப்ராஜெக்டுக்கு ஐந்து கேள்வியோடு ஆரம்பித்திருக்கிறோம்.

படகு ஓட்டுவது அவருக்குப் பிடித்த விஷயம். 'டெனேஷியஸ்' என்ற நாற்பது அடிப் பாய்மரப் படகு வைத்திருந்தார். 2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. இறந்துபோன தன் அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 43 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபாரலன் தீவுகளுக்குத் தனியாகக் கிளம்பினார். வானம் தெளிவாக இருந்தது. ஆபத்து என்று எந்தச் செய்தியும் வரவில்லை. சாயங்காலம் திரும்பவில்லை.

கடலோரக் காவல் படை நான்கு நாள் தேடியது. பிறகு நண்பர்கள் விடவில்லை. செயற்கைக்கோளை அந்தக் கடல் மேல் படம் எடுக்க வைத்தார்கள். படங்களைத் துண்டு துண்டாக வெட்டி அமேசானின் ஒரு தளத்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கான முகம் தெரியாத ஆட்கள் உலகம் முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெள்ளைப் படகு தெரிகிறதா என்று தேடினார்கள். பூமியின் படத்தைச் சதுரமாக வெட்டி எல்லோருக்கும் காட்டியவரை, அதே மாதிரி வெட்டிய படங்களில் தேடினார்கள். இதை எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பிப்ரவரி 16-ல் அதையும் நிறுத்த வேண்டி வந்தது. குடும்பத்தார் கடலடியில் சோனார் வைத்து மே கடைசி வரை தேடினார்கள். 2008 மே 31-ல் பெர்க்கிலியில் அவரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் கற்றவர்கள் எல்லாம் கூடி ஒரு நாள் முழுக்க அவரைப் பற்றிப் பேசினார்கள். அஞ்சலிக் கூட்டம் என்று சொல்ல அவர்களுக்கே மனம் வந்திருக்காது, அப்போது அவர் காணாமல் போனவர்தான். சட்டப்படி இறந்தவர் என்று நீதிமன்றம் சொன்னது 2012-ல். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.